தோல் காயும் நேரம்

அவன் பேசத் தொடங்கியதும் செல்பேசிகள் மடிக்கு இறங்கின.

பறைக்காக உயர்ந்திருந்தவை.

கடற்கரை மேடையில் பறைக்கு ஒரு சங்கடம் உண்டு. உப்புக்காற்றின் ஈரத்தைத் தோல் குடித்துவிடும். குடித்தால் தொய்யும். தொய்ந்தால் அடி தொப்பென்று விழும். தீயில் காட்டினால் மறுபடி இறுகி, விரலால் சுண்டினாலே கணீரென்னும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் சுடலை மேடையோரம் இறங்கிப் பனையோலைத் தீயின் முன்னால் குந்துவான். பாடுகிற பேச்சி தண்ணீர் குடிப்பாள்.

அந்த இடைவெளிதான் பேசுகிற அவனுடையது.

மூன்று பேர் குழுவில் அவனுக்கு ஒற்றைக் கம்பித் துந்தனாவும், இந்த இடைவெளியும். சிரிக்க வைப்பான். அவனுடைய கடைசிச் சொல் விழும். சுடலை பறையோடு எழுவான். இரண்டும் ஒரே கணத்தில் நடக்கும்.

என்ன நேரக்கணக்கு என்று ஊர் ஊராக வியந்தார்கள். அவனும்தான்.

இன்று கடைசி உருப்படிக்கு முன்னால் பேச்சி அவன் காதருகே குனிந்தாள்.

"ரெண்டாவது ஜோக்குலயே தோலு காஞ்சிருதுண்ணே. நீ முடிக்காம அவன் எந்திக்க மாட்டான். இன்னைக்காவது வெரசா முடி."

அப்படியானால் அந்தக் கணக்கும் சுடலையுடையது.

முன்வரிசையில் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். கடைசி உருப்படி பறை மட்டும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். அவன் ஒலிவாங்கியை எடுத்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அவன் பார்த்தான்.

பெண் பார்க்கப் போன கதையை எடுத்தான்.

"மாப்பிள்ள என்ன செய்றீயன்னு கேட்டாவ. மூணு பேரு குழுல இருக்கேன்னேன். மத்த ரெண்டு பேருன்னாவ. ஒருத்தி பாடுதா, ஒருத்தன் அடிக்கான். அப்போ நீங்கன்னாவ."

வழக்கமாக இங்கே ஒரு மூச்சு விடுவான். அடுத்த வரியோடு கதை முடிந்துவிடும்.

முடிக்கவில்லை.

பெண்ணின் மாமாவை உள்ளே கொண்டுவந்தான். மாமாவும் அதையே கேட்டார். மாமாவின் நாயைக் கொண்டுவந்தான். அதுவும் கேட்பது போலவே பார்த்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

ஓரத்தில் கணீர் என்றது. சுடலை சுண்டிப் பார்த்திருக்கிறான்.

பறை தயார்.

தீயைவிட்டு எடுத்தால் காற்று மறுபடி ஈரத்தை ஏற்றிவிடும். எடுக்காமலே இருந்தால் சூடு மிஞ்சும். சூடு மிஞ்சினால், சட்டத்தில் ஒட்டிய விளிம்பில்தான் தோல் முதலில் பிய்ந்துவிடும். குழுவில் இருக்கிற எவனுக்கும் அது தெரியும்.

சுடலை பறையைப் பின்னுக்கு இழுத்தான். கொஞ்சம் பொறுத்து முன்னுக்கு நீட்டினான். மறுபடி இழுத்தான். கண் தீயில் இல்லை, பேசுகிறவன் வாயில் இருந்தது.

அவன் பெண்ணின் சித்தியைக் கொண்டுவந்தான்.

சித்தி காபித் தட்டோடு வாசலைத் தாண்டும்போது, தீயோரம் படக்.

சிறிய சத்தம். சிரிப்பில் கூட்டத்துக்குக் கேட்கவில்லை.

பேச்சி திரும்பினாள்.

அவன் திரும்பவில்லை. மூச்சு விட்டான்.

"என்ன செய்றேன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

கைதட்டல் கடல் சத்தத்தை மூடியது.

சுடலை எழுந்தான். பறையை மார்போடு சேர்த்து அணைத்திருந்தான். கடைசிச் சொல் விழுந்த அதே கணத்தில்.

முன்வரிசைக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

செல்பேசிகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.