மழை வருமா என்று கேட்ட பக்கம்

ஒரு கைபேசிக்குள் வானிலை சொல்லும் வலைப்பக்கம் ஒன்று இருந்தது. மொட்டைமாடி நிறைய மிளகாய் காயப்போட்டிருந்த செல்லக்கனி, "மழை வருமா?" என்று அதைத் தொட்டுக் கேட்டாள்.

பக்கம் பதறிப்போய், எங்கோ தொலைவில் வானிலைத் தகவல்களை வைத்திருந்த சர்வரைக் கூவி அழைத்தது. "அனுமதிச் சாவியும் காட்டலை, கேட்கிற முறையும் தெரியலை. போ!" என்றது சர்வர்.

சர்வரிடம் கேட்டு வாங்கித் தருவதற்கென்றே பக்கத்தோடு புதிதாகச் சேர்ந்திருந்த, ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி என்ற உதவி நிரல் சிரித்தது. "கத்தினா ஆகுமா அக்கா? சாவியைக் கொடுங்க, நான் முறையாக் கேட்கிறேன்."

சாவியை வாங்கிச் சர்வரிடம் கேட்டுவிட்டு உடனே ஒரு சீட்டை நீட்டியது. பக்கம் அதைப் பிடுங்கித் திரையில் ஒட்டப் போனது.

"ஐயோ, அது பதில் இல்லை! பதில் வரும்னு சொல்ற சீட்டு. கொஞ்சம் பொறுங்க."

"அவ மிளகாய் நனைஞ்சிருமே!"

"வெறும் சீட்டைக் காட்டினா மட்டும் நனையாதா?"

பக்கம் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தது. பதில் வந்தது: இன்னும் அரைமணியில் மழை. செல்லக்கனி சாக்கைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். கடைசி மிளகாயையும் அள்ளிக் கட்டிய பிறகுதான் முதல் தூறல் விழுந்தது.

"நாளைக்கு வெயில் அடிக்குமான்னும் கேட்டு வை," என்று லைப்ரரியிடம் சொன்னது பக்கம். "பதில் மெதுவாவே வரட்டும்."