தோளைப் பிடித்த கைகள்

ஒரகடம் தொழிற்சாலையில் வேலை பார்த்த இசக்கிசெல்விக்கு அன்று சிசேரியன். முதுகில் மரப்பு ஊசி போட, மேஜை ஓரத்தில் உட்காரவைத்து, எதிரிலிருந்த ஸ்டாண்டின் மெத்தையில் நெற்றியைச் சாய்க்கச் சொன்னார்கள். ஊசி இறங்கியபோது உடம்பு நடுங்கியது. முன்னாலிருந்து இரண்டு கைகள் அவள் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டன.

படுக்கவைத்ததும் நர்ஸ் ஷெர்லினிடம், “நல்லவேள, தோள புடிச்சிக்கிட்டீய யக்கா,” என்றாள்.

“நானா? நான் டாக்டர் பின்னால இருந்தேம்மா. இந்த ஸ்டாண்டு வந்ததுலருந்து யாரும் புடிக்கிறதில்ல.”

டாக்டர் வயிற்றைக் கிள்ளினார். “தெரியுதா?”

“இல்ல சார்.”

மார்புக்குக் கீழே எல்லாம் மரத்திருந்தது. தோளிலிருந்து மெல்ல வயிற்றுக்கு இறங்கி, குழந்தையின் தலையைத் தேடித் தடவிய அந்த இரண்டு கைகள் மட்டும் அவளுக்குத் தெரிந்தன.