மேல் படம், கீழ் படம்

உத்திரமேரூர் நூலகத்தின் பழைய பேப்பர்களை நாளை ஸ்கேன் செய்ய வருகிறார்கள். அப்புறம் யார் வேண்டுமானாலும் போனிலேயே பார்க்கலாம்.

நூலகர் ஹரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தில் பிளேடை வைத்தார்.

“சார், அத்த அறுக்காதீங்க.”

நூலகம் பெருக்கும் ஜெயம்மா பின்னால் நின்றாள்.

“ஏதோ லாரி ஆக்சிடென்ட் செய்திம்மா. இது யாருக்கு வேணும்?”

“அடிபட்டு செத்தது எங்க நைனா, சார். மேல கீற படம் அவருதான். எங்க வூட்ல வேற போட்டா இல்ல.”

ஹரி கீழே இருந்த, குடித்துவிட்டு ஓட்டிய டிரைவரின் படத்தைக் கையால் மூடினார்.

“மூடாதீங்க சார். அது உங்க நைனான்னு எனக்குத் தெரியும். நீங்க பயப்படுவீங்கன்னுதான், நீங்க சாப்புடப் போறப்ப மட்டும் இந்தப் பக்கத்த எடுத்துப் பாத்துக்கினு இருந்தேன்.”

ஹரி பிளேடைக் கீழே வைத்தார். அந்தப் பக்கத்தை நீவி, ஸ்கேனுக்குப் போகும் கட்டின் மேல் வைத்தார்.