செல்லிக்கு எட்டுப் பக்கக் கேள்வி

“எதக் கேட்டாலும் சொல்லுங்கக்கா. புழு செத்தத மட்டும் சொல்லிராதீங்க.”

அருண்குமார் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான். மல்பெரிக் கட்டைப் பிரித்தபடியே செல்லி ‘உம்’ கொட்டினாள். அந்த ‘உம்’மில் அவனுக்குத் துளியும் நம்பிக்கையில்லை.

கடத்தூரை ஒட்டிய அந்த ஊருக்கு வெளிநாட்டு வாலண்டியர்களைக் கூட்டிவரும் தொண்டு நிறுவனத்தில் அவன் ஒருங்கிணைப்பாளர். சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் தொப்பூரில் ஒரு சாலையோர ஓட்டலில் ராத்திரிக் கல்லா. லாரிக்காரர்களிடம் வசவு வாங்கியது போதும் என்று வந்தவன், திரும்பிப் போவதாக இல்லை.

ஆனால் இந்தத் திட்டம் மார்ச்சோடு முடிகிறது. நல்ல அறிக்கை போனால்தான் நீட்டிப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மெயில் வந்தது: சர்வதேச வளர்ச்சியில் வாலண்டியர்களின் பங்கை மதிப்பீடு செய்ய ருவாண்டாவிலிருந்து உமுதோனி என்ற அம்மையார் வருகிறார், செல்லியைச் சந்திக்க வேண்டும். கூடவே நாலு பக்க இணைப்பு. அவன் அதைத் திறக்கவில்லை. தேதியும் பேரும் தெரிந்தால் போதாதா.

ஊரில் அத்தனை பேர் இருக்க, செல்லியை எவன் பொறுக்கி எடுத்தான் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. போன மாதம் வந்த இரண்டு வாலண்டியர் பையன்கள், கொசுவுக்குப் பயந்து உடம்பெல்லாம் மருந்தடித்துக்கொண்டு அவளுடைய பட்டுப்புழு ஷெட்டுக்குள் நின்று செல்பி எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் இருபது தட்டுப் புழுவும் சுருண்டுவிட்டது. அன்றிலிருந்து ஊர் பூராவும் அவள் வாய்தான்.

“சின்னப் பசங்கக்கா. நமக்கு நல்லது பண்ணத்தான வந்தாங்க.”

“அங்கயெல்லாம் மருந்தடிச்சிட்டு வந்து நின்னா வெளிய தள்ளிக் கதவச் சாத்திருவாங்க சார். எலகூட அங்க நல்லாத்தான் இருக்கும். குளிருதான்…”

எங்கே என்று அவன் கேட்கவில்லை. ஓசூராக இருக்கும், இல்லாவிட்டால் ராமநகரம். செல்லி வாயைத் திறந்தால் புழுவும் இலையும்தான். எப்போதும் பாதியில் வண்டியைக் கிளப்பிவிடுவான். இப்போதும் கிளப்பினான்.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. உமுதோனிக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கண்ணாடி தொங்கியது, சிரிப்பு அளந்துதான் வந்தது. அருண்குமார் அவரை முதலில் அங்கன்வாடிக்குக் கூட்டிப்போய், வாலண்டியர்கள் சுவரில் வரைந்த யானையைக் காட்டினான். யானைக்கு ஒரு காது மட்டும் சின்னது. பிறகு நூலகம், அதில் ஒரு புத்தகம்கூட அழுக்காகவில்லை. பிறகு பிளாஸ்டிக் பாட்டிலில் தொங்கவிட்ட செடிகள்; அவை செத்து ஒரு மாதம் ஆகிறது.

எல்லாவற்றையும் அந்தம்மா மரியாதையாகப் பார்த்தார். பையிலிருந்து ஒரு தாளைக்கூட வெளியே எடுக்கவில்லை. 

செல்லி எங்கே என்று கேட்டார். அவள் தருமபுரிக்குப் பட்டுக்கூடு விற்கப் போயிருக்கிறாள், வர நேரமாகும் என்று கூசாமல் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள், மொபெட்டில் இலைக்கட்டோடு செல்லியே எதிரில் வந்து நின்றாள். வந்துட்டாங்களா சார், வூட்டுப் பக்கம் கூட்டியாங்க, டீ வெக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். உமுதோனிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மொபெட்டைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், பிறகு அருண்குமாரைப் பார்த்தார்.

ஷெட்டு வாசலில் அவனுக்கு இன்னொரு பயம். உள்ளே போகும் முறையை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள், அந்தம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கொட்டிய தட்டில் இரண்டு காலையும் மிதித்தார். முழங்கை வரை கை கழுவினார். காலையில் சென்ட்டும் போடவில்லையாம்.

“எங்கள் பக்கமும் இப்போது இப்படித்தான்” என்றார் இங்கிலீஷில்.

ஒப்புக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு அருண்குமார் பல்லைக் காட்டி வைத்தான்.

உள்ளே தட்டுகளில் புழுக்கள் இலை தின்னும் சத்தம் தூறல்போலக் கேட்டது. உமுதோனி ஒரு முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டி, பையிலிருந்து எட்டுப் பக்கத் தாளை எடுத்தார். அருண்குமார் செல்லியைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். தொப்பூர்க் கல்லாவும் லாரி ஹாரனும் அவன் நினைவுக்கு வந்து போயின.

முதல் கேள்வியை அந்தம்மா படித்தார். மொழிபெயர்க்க வாயெடுத்தவன் அப்படியே நிறுத்தினான். வீட்டையும் தொழிலையும் விட்டுவிட்டு ஆறு மாதம் வேறு நாட்டில் சம்பளமில்லாமல் வேலை பார்த்ததில் உங்களுக்கு என்ன இழப்பு என்று இருந்தது கேள்வி.

அவனுக்கு உயிர் வந்தது. தாள் மாறிப்போயிருக்கிறது. இது வாலண்டியரிடம் கேட்க வேண்டிய கேள்வி மேடம், இவர் பயனாளி, சரியான தாளோடு இன்னொரு நாள் வாருங்கள் என்று பணிவாக எடுத்துச் சொன்னான்.

 உமுதோனி தாளைத் திருப்பி, வாலண்டியர் பெயர் என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். செல்லி, கடத்தூர், தருமபுரி மாவட்டம்.

“பாருங்கக்கா, எவனோ உங்க பேரப் போட்டு வெச்சிருக்கான்” என்றான் அருண்குமார்.

செல்லி இலை போட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“இவங்க ஊர்ல ஆறு மாசம் இருந்து புழு வளக்கச் சொல்லிக்குடுத்தது நாந்தாங்க சார்.”