ஆற அமரக் கேட்பவர்

உதவியாளர் பூசிவிட்டுப் போன மண், அந்தப் பெண்மணியின் முகத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இயற்கை மருத்துவர் அருகில் உட்கார்ந்து கனிவாகக் கேட்டார்.

"மனசுல என்னம்மா குறை?"

"வீட்டுக்காரர் நான் சொல்றதைக் காதுலயே போட்டுக்கறதில்ல டாக்டர்."

"அடப்பாவமே! சில ஆம்பளைங்க அப்படித்தான்."

"நீங்க ஏன் பெரிய ஆஸ்பத்திரியை விட்டுட்டு இந்த வைத்தியத்துக்கு வந்தீங்க?"

"அங்க நோயாளி வாயைத் திறக்கறதுக்குள்ள மருந்து எழுதிடணும். இங்க எல்லாரும் சொல்றதை ஆற அமரக் கேட்கலாம். பாதி நோய் அதுலயே போயிடும்."

"அதைக் கேள்விப்பட்டுத்தான் டோக்கன் போட்டேன்."

ஈரத்துணியால் மண்ணைத் துடைத்தார் மருத்துவர். படுத்திருந்தது அவர் மனைவி!

"என் குரல்கூடவா தெரியல? போகட்டும், எனக்கு இன்னும் நேரம் பாக்கி இருக்கு. சமையலறைக் குழாய் ஒழுகுதே, அதுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா டாக்டர்?"