நாலு மவுஸ்

"திருடினதுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

வெங்கடேசன் வெள்ளைத்தாளை நகர்த்தினார். கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு அவர் பர்சனல் மேனேஜராக வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

எதிரே நின்ற ஆரோக்கியமேரி தாளைத் தொடவில்லை.

"திருடல சார். எடுத்தேன்."

"மூணு கம்ப்யூட்டர் மவுஸ் காணோம். நாலாவதை உன் சாப்பாட்டுப் பையிலேர்ந்து செக்யூரிட்டி எடுத்திருக்கார். இதுக்குப் பேரு வேற என்ன? புதுவாயல்ல எந்தக் கடையில வித்தே?"

"விக்கல. மூணும் என் லாக்கர்லதான் கீது. ஆள உட்டு எடுத்துக்கோங்க. ஆனா திருப்பிச் செருகினீங்கன்னா, நான் திருப்பியும் எடுப்பேன்."

"பாத்தீங்களா எட்வர்ட், திமிரை?"

ஓரமாக உட்கார்ந்திருந்த எட்வர்ட் நிமிர்ந்தான். மெஷின்களின் பக்கத்தில் இருக்கும் தொடுதிரைகளுக்கு வெப் பக்கம் எழுதிக் கொடுத்தவன் அவன். மாதம் ஒருமுறை திருநின்றவூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவான்.

"எதுக்கும்மா எடுத்தீங்க?"

"மவுஸ் இருந்தா 'பழுது' பட்டன் வர்ல சார். மூணு தபா புகார்ப் பெட்டியில எழுதிப் போட்டேன். எவன் பாத்தான்?"

எட்வர்ட் லேப்டாப்பில் தேடினான். பெட்டியிலிருந்து ஏற்றியிருந்த மூன்று புகாரும் இருந்தன. 'விரல் வைத்தால் பழுது பட்டன் தெரியவில்லை. - ஆரோக்கியமேரி.' மூன்றின் கீழும் ஒரே பதில். 'சோதித்தோம். குறை இல்லை. பயன்படுத்துபவரின் தவறு.'

பதில் எழுதியது அவன்தான்.

"மவுஸால வர்ற கோளாறுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"ஏழாம் நம்பர் மெஷின்ல மவுஸ் ஒயரை எலி கடிச்சிடுச்சி. அன்னிலேர்ந்து அதுல மட்டும் பட்டன் வந்துச்சி. நம்பலன்னா வாங்க, காட்றேன்."

மூவரும் உள்ளே போனார்கள். ஐந்தாம் நம்பர் மெஷினில் இருந்த பெண் பயந்து ஒதுங்கினாள். ஆரோக்கியமேரி திரையில் விரல் வைத்தாள். ஒன்றும் வரவில்லை. மவுஸைப் பிடுங்கிவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னாள். சிவப்பாக 'பழுது' பட்டன் நின்றது.

"மெஷின் நின்னா இதைத் தொட்டாத்தான் சார் மெக்கானிக் வருவாரு. தொடலன்னா, ஓட்றவ சும்மா நின்னுக்கினு இருந்தான்னு அவ பேர்ல தாமதம் ஏறும். போன மாசம் ரெண்டு பொண்ணுங்களுக்கு இதாலதான் வேலை போச்சி."

"மவுஸாலயே அழுத்தியிருக்கலாமே?" என்றார் வெங்கடேசன்.

"அது சூப்பர்வைசருது. ஆயில் கையால தொட்டா கத்துவாரு."

எட்வர்டுக்குப் புரிந்துவிட்டது. மவுஸ் செருகியிருந்தால், அம்புக்குறி மேலே வரும்போது மட்டும் பட்டன் தெரிகிற மாதிரி எழுதியிருந்தான். மவுஸ் இருக்கிற இடத்தில் யாரும் விரலால் தொடமாட்டார்கள் என்று அவனே முடிவு செய்துகொண்டான். ஆபீசில் உட்கார்ந்து மவுஸால் சோதித்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வெங்கடேசன் அவனைத் தனியே அழைத்துப் போனார்.

"சத்தமில்லாம சரி பண்ணிடுங்க. ரிப்போர்ட்ல பழையபடி 'பயன்படுத்துபவரின் தவறு'ன்னே இருக்கட்டும். இல்லேன்னா அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு நாம பதில் சொல்லணும். உங்க கம்பெனி ஒப்பந்தத்துக்கும் நல்லதில்ல."

எட்வர்ட் ஐந்தாம் நம்பர் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தான். மவுஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பட்டன் எப்போதும் தெரிகிற மாதிரி மாற்றினான். கையுறை போட்ட விரலுக்கும் எட்டும்படி அதைப் பெரிதாக்கினான். ஒருமுறை தொட்டால் இரண்டு முறை பதிவானது. அதையும் சரிசெய்தான். அந்தப் பெண்ணையே தொட்டுப் பார்க்கச் சொன்னான். மெக்கானிக் ஓடி வந்தார்.

பிறகு ரிப்போர்ட்டை எழுதி அனுப்பிவிட்டு எழுந்தான்.

"என்ன போட்டீங்க?" என்றார் வெங்கடேசன்.

"தவறு என்னுடையதுன்னு போட்டேன் சார். அந்த ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிடணும்னும் எழுதியிருக்கேன். பிளான்ட் ஹெட்டுக்கும் ஒரு காப்பி போயிருக்கு."

"உங்க ஒப்பந்தம் போயிடும்."

"போகட்டும் சார்."

வெங்கடேசன் அவனை முறைத்தார். சற்று நேரத்தில் பிளான்ட் ஹெட்டிடமிருந்து போன் வந்தது. "சரி சார்... சரி சார்..." என்றார். வைத்ததும் ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, அந்த இரண்டு பெண்களையும் திங்கட்கிழமை வரச் சொன்னார். ஆரோக்கியமேரியின் பக்கம் திரும்பாமலே, "நீ போய் வேலையைப் பாரு" என்றார்.

எட்வர்ட் அவள் பின்னாலேயே போனான்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. இத்தனை நாள் தப்பா ஏறின தாமதத்தை எல்லாம் அழிச்சிக்கிட்டு வரேன். உங்க பேர்ல மட்டும் ஒண்ணுமே காட்டல. உங்க மெஷின் நம்பர் சொல்லுங்க."

ஆரோக்கியமேரி சிரித்தாள்.

"எனக்கு ஏது சார் மெஷினு? பதினாறு வருசமா பேக்கிங்ல கீறேன். எங்க பக்கம் கம்ப்யூட்டரே கெடையாது."

"அப்புறம் நீங்க ஏம்மா இதுல மாட்டிக்கிட்டீங்க?"

"அந்தப் பொண்ணுங்க எல்லாம் கான்ட்ராக்ட்டு சார், வாயத் தொறந்தா அன்னிக்கே வெளிய அனுப்பிடுவாங்க. நான் பர்மனென்ட்டு. என்ன அனுப்பறதுக்குள்ள நாலு மவுஸாவது எடுத்துடலாம்ல?"