தாங்குகிற அளவு

“வாந்தியா? எனக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்யா எனக்கு!”

சொல்லிவிட்டுப் பெரியவர் வாயை இறுக மூடிக்கொண்டார். இன்னொரு வார்த்தை பேசினால் வார்த்தையோடு சேர்ந்து வேறு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம்.

கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரன் விடுவதாக இல்லை.

“கை கால் மரத்துப் போகுதாங்கய்யா? நாக்குல ருசி தெரியுதா? ராத்திரி தூக்கம் வருதா?”

“தூக்கமா? நான் விடுற குறட்டையில பக்கத்து வார்டுக்காரங்கதான் தூங்கலையாம். போய்க் கேட்டுக்கோ.”

ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விடிய விடிய அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

விஷயம் இதுதான். பெரியவருக்குக் குடலில் புற்று. இருக்கிற மருந்தெல்லாம் அதற்குப் பழகிப்போய்விட்டது. இந்த ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள். எலியைத் தாண்டி, முயலைத் தாண்டி இப்போதுதான் மனிதனிடம் வந்திருக்கிறது. உடம்பு எவ்வளவு தாங்கும் என்று கொஞ்சத்தில் ஆரம்பித்து ஏற்றிப் பார்ப்பார்கள். குணமாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. தாங்காவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று மட்டும் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

நிறுத்தினால் வீடுதான். வீட்டுக்கு அப்புறம் என்ன என்று பெரியவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் அவர் ஒரே முடிவாக இருந்தார். எவன் எதைக் கேட்டாலும் ‘நல்லா இருக்கேன்’. ரத்தத்தில் தெரிவது தெரிந்துவிட்டுப் போகட்டும். வயிற்றுக்குள் புரட்டுவது, தானாகச் சொன்னால்தானே வெளியே தெரியும்?

டாக்டரை ஏய்த்தாயிற்று. இந்த வெள்ளைச் சட்டைதான் உறுத்தல். நேற்றும் வந்தான், முந்தாநாளும் வந்தான். டாக்டர் இல்லை, கழுத்தில் குழாய் இல்லை. கேள்வி மட்டும் டாக்டரைவிட அதிகம். சட்டை வேறு ஆளைவிட ஒரு சுற்றுப் பெரிசு. கம்பெனியில் கொடுக்கிற சட்டை, அளவு பார்த்தா கொடுப்பான்? ஆக, மருந்துக் கம்பெனி அனுப்பின ஒற்றன். தன்னைக் கழித்துக்கட்டக் காரணம் தேடுகிறான் என்று பெரியவர் மோப்பம் பிடித்துவிட்டார்.

“ஐயா, நான் எதுக்குக் கேக்கறேன்னா...”

“தெரியும்யா. எதுக்குக் கேக்கறே, யாருக்காகக் கேக்கறே, எல்லாம் தெரியும். உன்னை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருப்பேன்!”

“இல்லீங்க, டாக்டர்தான் உங்ககிட்ட பேசிப் பாக்கச் சொன்னாரு...”

“ஓகோ, அவரும் கூட்டா?”

“அப்பா! வந்தவங்ககிட்ட கொஞ்சம் மரியாதையா பேசுங்களேன்” என்றாள் மகள்.

“நீ சும்மா இரும்மா. இவன் என் வாயைக் கிளற வந்திருக்கான். கிளறட்டும், பாக்கறேன்.”

பெரியவர் போர்வையை உதறிவிட்டுக் கீழே இறங்கினார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று காட்டினார். கண் முன்னால் சுவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் மீசையைத் தடவினார்.

“பாத்தியா தம்பி? நீங்க ஏத்துறது மருந்தா, குழாய்த் தண்ணியா? இதுல ரெண்டு மடங்கு போட்டாலும் ஒரு ஏப்பம் விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். அனுப்பினவன்கிட்ட போய்ச் சொல்லு.”

வெள்ளைச் சட்டைக்காரன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

“நிஜமாவாங்கய்யா? ரெண்டு மடங்கு தாங்குமா?”

“மூணு மடங்கே தாங்கும்யா!”

அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டான். “இது போதுங்கய்யா. கொஞ்ச நாளா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. உங்க வாயால கேட்டதும்தான் உயிரே வந்துச்சு.”

ஒற்றனுக்குத் தூக்கம் வராவிட்டால் நமக்கென்ன என்று பெரியவர் கட்டிலில் ஏறிப் படுத்தார். ஜெயித்த சந்தோஷத்தில் குமட்டல்கூடக் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தாள்.

“வாங்க சிஸ்டர்! அளவை ஏத்தப் போறீங்களா? ஏத்துங்க, ஏத்துங்க!” பெரியவர் கையை நீட்டினார்.

“உங்களுக்கு எப்பவும் அதே அளவுதான் ஐயா. உங்க உடம்பு தாங்குதான்னு பாத்துட்டு, ஏத்துறது அடுத்த ஆளுக்கு” என்ற நர்ஸ், வெள்ளைச் சட்டைக்காரன் பக்கம் திரும்பினாள். “ஐயாவுக்கு ஒண்ணும் ஆகலையாம், டாக்டர் சரின்னுட்டாரு. மத்தியானம் ரெண்டு மடங்கு உங்களுக்குத்தான் சார். ரத்தம் எடுக்கணும், கையைக் காட்டுங்க.”

“ஐயோ, நிறுத்தும்மா!” என்று பெரியவர் போட்ட சத்தத்தில் தட்டே ஆடிப்போயிற்று. “ராத்திரி பூரா வாந்தி, விரலெல்லாம் மரத்துக் கிடக்கு, நான் சொன்னதெல்லாம் பச்சைப் பொய். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வா!”